சைக்கிள் பிரேக்குக்குக் கார் ஒயில் ஊற்றாதீர்கள்



2022இல் பெற்றோல் வரிசையில் நின்று களைத்துத்தான் நம்மில் பலர் சைக்கிளுக்கு மாறினோம். டிஸ்க் பிரேக் என்றதும் பெருமையாக வாங்கினோம். அதைப் பராமரிப்பது எப்படியென்று மட்டும் கேட்கவில்லை.

போன கிழமை எங்கள் மாணவன் ஒருவன் கொள்ளுப்பிட்டிச் சந்தியில் லீவரை அழுத்த, அது கைப்பிடி வரை போய்விட்டது. அல்லாஹ் காப்பாற்றினான். பிரேக் ஷிமானோ, ஊற்றியிருந்ததோ கார் பிரேக் ஒயில். "எல்லாம் ஒயில்தானே" என்றாராம் சைக்கிள் பாஸ்.

இல்லை! ஷிமானோவுக்கு மினரல் ஒயில் மட்டும்தான். டொட் 3, டொட் 4 எல்லாம் கிளைக்கோல் வகை. உள்ளே இருக்கும் ரப்பர் சீலைக் கெடுத்துவிடும். பிறகு சரியான ஒயிலை ஊற்றியும் பிரயோசனமில்லை. பழைய ஸ்ராம் பிரேக்குகள் பலவற்றுக்கோ டொட்தான் வேண்டும். எதை ஊற்றுவதென்று பெரும்பாலும் பிரேக்கிலேயே எழுதியிருக்கும். வாசிக்கத்தான் ஆளில்லை.

லீவர் பஞ்சுபோல் அமுங்கினால் உள்ளே காற்று. பேடுகளைக் கழற்றி வைத்துவிட்டு, கீழே கலிப்பரிலிருந்து சிரிஞ்சால் ஒயிலைத் தள்ளினால், மேலே லீவரில் பூட்டிய புனலுக்குள் காற்று குமிழ்குமிழாக வரும். பேடில் ஒயில் பட்டால் புதிது போடுங்கள். துடைத்துப் போடுவதெல்லாம் கஞ்சத்தனம்.

வேலைக்கு விடும்போது ஒயில் போத்தலைக் காட்டச் சொல்லுவோம். காட்டாவிட்டால் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிடுவோம்.