காந்தளின் மொட்டு என்ன நிறம்?

திருவண்ணாமலைக்கு மேற்கே செங்கத்தில் இருந்து ஆண்ட நன்னனைப் பாடிய மலைபடுகடாத்தில் ஒரு பருந்து வருகிறது. மழையில் செழித்த செங்காந்தளின் புது முகையை ஊன் என்று எண்ணிக் கவ்விச் செல்கிறது. ஊன் அன்று எனத் தெரிந்ததும் உதறிவிடுகிறது. நெருப்புப் போன்ற இதழ்கள் பாறையெங்கும் சிதற, பாறை வெறியாடு களம்போல் ஆகிறது. பத்துப்பாட்டை வாசித்தோர் பலரும் வியந்து கடந்த இடம்தான் இது. நாமும் கடந்திருக்கிறோம்.

ஆனால் செடியை அறிந்தவர் இங்கே நின்றுவிடுவார். காந்தளின் மொட்டு பச்சை. விரியத் தொடங்கும்போதும் பசுமை கலந்த மஞ்சளே. பின்னர் நுனியில் சிவப்பேறி, அடியில் மஞ்சள் தங்கி, சில நாள்களில் பூ முழுவதும் குருதி நிறம் கொள்கிறது. அப்படியானால் பருந்து எதைக் கண்டு மயங்கியது? முகை என்று புலவர் சொன்னது, அப்போதுதான் விரிந்த பூவையா? இதழ்கள் பல சிதறின என்பதை நோக்க, அப்படிக் கொள்ளவே நமக்குத் தோன்றுகிறது. வேறு விளக்கமும் இருக்கலாம். நம் வருத்தம் விடையைப் பற்றியது அன்று. இப்படி ஒரு கேள்வி உண்டென்பதே உரைநூலோடு நின்றுவிடும் வாசகருக்குத் தெரிவதில்லை. 'ஒருவகைக் கொடி', 'ஒருவகைப் பூ' என்ற அடிக்குறிப்புகளால் நாம் வளர்க்கப்பட்டவர்கள்.

குறிஞ்சிப்பாட்டின் பூப்பட்டியலில் காந்தள், தோன்றி, கோடல் மூன்றும் தனித்தனியே வருகின்றன. அகராதிகள் தோன்றியைச் செங்காந்தள் என்றும் கோடலை வெண்காந்தள் என்றும் சொல்லி முடித்துவிடும். இணையத்தில் உலவும் படத்தொகுப்புகளோ பெயருக்கு ஒரு படம் ஒட்டிவிடுகின்றன. நாளுக்கு நாள் நிறம் மாறும் பூவை ஒற்றைப் படத்தில் எப்படி அடைப்பது? வெண்மை, செம்மை என்ற பாகுபாடு இரு செடிகளைக் குறித்ததா, ஒரே செடியின் இரு பொழுதுகளையா, அல்லது மலைச்சரிவுக்கு ஒரு பெயரும் முல்லைப் புறவுக்கு ஒரு பெயருமாக வழங்கினரா? பி.எல். சாமி போன்றோர் சங்கச் செடிகொடிகளைத் தாவரவியலோடு பொருத்திப் பார்க்கப் பெரிதும் உழைத்தனர். அந்த உழைப்பைத் தொடர வேண்டிய இலக்கியத் துறைகள் மேற்கோளோடு நின்றுவிட்டன என்றே சொல்லத் தோன்றுகிறது.

செடியை அறிவது அப்படியொன்றும் கடினமும் அன்று. இலையைப் பாருங்கள்: நுனி நீண்டு சுருண்டு, பக்கத்துப் புதரைப் பற்றிக்கொள்ளும். இலை நுனியே பற்றுக்கம்பியாகும் இந்த ஓர் அடையாளம், பூ இல்லாத நாளிலும் பெரிதும் துணைசெய்யும். பூவில் ஆறு இதழ்கள், ஓரம் அலையலையாக நெளிந்து பின்னோக்கி மடங்கியிருக்கும். தலைகீழாகத் தொங்கும் பூவில் மகரந்தத் தாள்கள் ஆறும் வெளியே விரிந்து நிற்க, சூல்தண்டு மட்டும் ஒரு பக்கமாக முறிந்ததுபோல் வளைந்திருக்கும். விரலுக்கு இதை உவமை சொன்னவர்களின் கண்ணை என்னவென்பது! லின்னேயசு 1753இல் 'குளோரியோசா சூப்பர்பா' என்று பெயரிட்டார். அதில் பெருமிதம் இருக்கிறதே தவிர விரல் இல்லை.

மண்ணுக்குள் கலப்பை வடிவில் கிழங்கு. அதனால் கலப்பைக் கிழங்கு என்றும், பூக்கும் பருவத்தால் கார்த்திகைப்பூ என்றும் பெயர். ஈழத்தில் அப்பெயருக்கு வேறொரு கனமும் ஏறியிருக்கிறது. கார்த்திகையில் அண்ணாமலை உச்சியில் தீபம் ஏறுவதைக் காணத் திரளும் கூட்டத்தில், தீயின் உவமையாக இதே நிலப்பகுதியின் பாட்டில் எரிந்த பூவை அடையாளம் காட்டக்கூடியவர் எத்தனை பேர்? தமிழ்நாட்டின் மாநில மலர் என்று தேர்வுக்கு மனப்பாடம் செய்தோர் ஏராளம். (நாம் பழிப்பது மாணவர்களை அன்று.)

அறியாமைக்கு இங்கே இன்னொரு விலையும் உண்டு. செடி முழுவதும் நஞ்சு. கிழங்கிலும் விதையிலும் உள்ள கால்சிசின் கீல்வாத மருந்துக்கு உதவுவது. அதற்காகவே ஒட்டன்சத்திரம், மூலனூர்ப் பகுதி உழவர்கள் பந்தலிட்டு இதைப் பயிரிட்டு வருகின்றனர். அதே பொருள் அளவு மீறினால் வாந்தி, பேதியில் தொடங்கி உறுப்புகளைச் செயலிழக்கச் செய்யும். உண்ணும் கிழங்கென்று மயங்கித் தின்று மாண்டோர் கதைகள் இலங்கையிலும் தமிழகத்திலும் மருத்துவப் பதிவுகளாக உள்ளன. மலைபடுகடாத்துப் பருந்து தான் கவ்வியதை உண்ணாமல் உதறிவிட்டது.