அழகி: வேலையை விட்டுப் போனவள்

பிரிந்துபோன காதலர்கள் பல ஆண்டுகள் கழித்துச் சந்திக்கும் தமிழ்ப்படம் என்றதும் இன்று எல்லோரும் சி. பிரேம்குமாரின் '96' (2018) படத்தைத்தான் சொல்கிறார்கள். நல்ல படம், மறுப்பதற்கில்லை. ஆனால் பாகூர்ப் பக்கத்து வாசகனுக்கு அந்த வரிசையில் முதலில் நினைவுக்கு வரவேண்டியது தங்கர் பச்சானின் 'அழகி' (2002) என்பது என் கட்சி. அவருடைய பத்திரக்கோட்டை பண்ருட்டிக்கு அருகே உள்ள ஊர். எங்கள் கொம்யூனை ஒட்டிக் கிடப்பது கடலூர் மாவட்டம். வரைபடம் இரண்டாகப் பிரித்தாலும், கரும்புக்கும் நெல்லுக்கும் இடையே பேசப்படும் பேச்சு இருபுறமும் ஒன்றுதான். நடுநாட்டு மண் திரையில் இவ்வளவு அசலாக அதற்கு முன்பு வந்ததாக எனக்கு நினைவில்லை.

'கல்வெட்டு' என்ற தம் சிறுகதையையே அவர் படமாக்கினார். சண்முகமும் தனலட்சுமியும் ஒரே கிராமத்துப் பள்ளிப்பிள்ளைகள். அவன் மேற்படிப்புக்கு ஊரைவிட்டுப் போகிறான்; அவளுக்கு ஊரோடு கல்யாணம் முடிந்துவிடுகிறது. வில்லன் என்று யாரும் அரிவாள் தூக்கவில்லை. இருவரையும் பிரித்தது படிப்பு என்ற ஒன்றே. இதைப் பலரும் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள்.

இடையில் ஒன்று. பாகூரில் 1879இல் கிடைத்த நிருபதுங்கவர்மனின் செப்பேடு, ஒன்பதாம் நூற்றாண்டில் இங்கிருந்த வித்யாஸ்தானம் ஒன்றுக்கு மூன்று ஊர்கள் கொடையாக விடப்பட்டதைப் பதிவு செய்கிறது. கல்விக்கு ஊரையே எழுதிவைத்த மண் என்று நாங்கள் பெருமை பேசுவதற்கு வசதியான செப்பேடு. அந்தக் கல்விக்கூடத்தில் தனலட்சுமிகளுக்கு இடம் இருந்திருக்கும் என்று நம்ப எனக்குத் துணிவில்லை. பதினொரு நூற்றாண்டுகளுக்குப் பிறகும் இந்தப் படத்தில் பள்ளிக்கூடம் ஒருவனை மருத்துவனாக்குகிறது, ஒருத்தியை ஊரிலேயே விட்டுவிடுகிறது.

நிற்க. சென்னையில் அவர்கள் மறுபடி சந்திக்கும்போது சண்முகம் வசதியான மருத்துவர், மனைவி குழந்தைகளோடு வாழ்கிறவர். தனலட்சுமி கணவனை இழந்து, மகனோடு அன்றாடப் பிழைப்புக்கு அல்லாடுகிறவள். பார்த்திபனும் நந்திதா தாஸும் இந்த இடைவெளியை வசனம் குறைத்துக் காட்டினார்கள். அவளைக் காப்பாற்ற அவனுக்குத் தெரிந்த வழி, தன் வீட்டுக்கே வேலைக்காரியாக அழைத்து வருவது.

படத்தைக் கொண்டாடியவர்கள் இதைக் கருணை என்றார்கள். கருணைதான். ஆனால் பழைய காதலி துடைத்த தரையில் நடந்துகொண்டே பழைய காதலை நினைத்து உருகும் வசதி அவனுக்குக் கிடைத்தது எப்படி? நினைவு என்பது சண்முகத்துக்குக் கிடைத்த ஓய்வுநேரம். தனலட்சுமிக்கு அந்த ஓய்வு கிடையாது. அவள் மறுநாள் சோற்றைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கிறது. அவள் அவனை இன்னும் விரும்புகிறாளா என்று படம் நேரடியாகக் கேட்பதே இல்லை. அவன் ஏங்குகிறான், இளையராஜாவின் இசை அவனுடைய ஏக்கத்தோடு செல்கிறது, நாமும் அவன் பக்கம் சாய்ந்துவிடுகிறோம். இது படத்தின் பலவீனம் என்றே நினைக்கிறேன்.

'96'இல் ஜானு சிங்கப்பூரிலிருந்து வருகிறாள். விமான டிக்கெட் அவள் கையில் இருக்கிறது. விரும்பினால் இரவு முழுதும் ராமோடு சென்னையைச் சுற்றலாம், விடிந்ததும் திரும்பலாம். ராமின் மாணவிகளிடம், நடக்காத ஒரு சந்திப்பை நடந்ததுபோலத் தன் வாயாலேயே கதையாகச் சொல்லவும் அவளுக்கு முடிகிறது. அந்தக் காட்சியில் கதைசொல்லி அவள். இருவரும் பொருளாதாரத்தில் ஏறத்தாழ சமம் என்பதால்தான் அந்தப் படத்தின் கண்ணியம் அவ்வளவு அழகாக இருக்கிறது. தொடாமல் பிரிவது பெருந்தன்மையாகத் தெரிவதற்கும் கையில் கொஞ்சம் காசு வேண்டியிருக்கிறது. சேரனின் 'ஆட்டோகிராஃப்' (2004) பற்றி இங்கே விரிக்க வேண்டாம். அதுவும் ஆணின் நினைவுப்பெட்டிதான்.

தேவயானி நடித்த வளர்மதியைப் பற்றி அந்நாளில் யாரும் அதிகம் எழுதவில்லை. வேலைக்கு வந்தவளிடம் நல்லவிதமாக நடந்துகொண்ட அவளிடம், வந்தவள் யார் என்ற ஒன்றை மட்டும் கணவன் சொல்லவில்லை. உண்மை தெரிந்தபின் அவளுக்கு வரும் கோபத்தைப் பொறாமை என்று சுருக்குவது அநியாயம். தன் வீட்டில் தானே ஏமாற்றப்பட்டவளின் கோபம் அது. தங்கர் பச்சான் அவளைக் கொடுமைக்காரியாக்காமல் விட்டது பெரிய விஷயம். வேறு இயக்குநர் கையில் அவள் பாத்திரங்களை வீசியெறிந்திருப்பாள்.

தனலட்சுமி அந்த வீட்டைவிட்டுப் போவதைத் தியாகம் என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. சம்பளம் வாங்கும் இடத்தில் தன்னை வேறு ஒருவராகவும் நடத்துகிறார்கள் என்று தெரிந்த ஒருத்தி, வேலையை விட்டு நிற்கிறாள். படம் முழுக்க அவள் எடுக்கும் பெரிய முடிவு அது ஒன்றுதான். படிப்பு நின்றபோதும், கல்யாணம் நடந்தபோதும், சண்முகம் அழைத்துவந்தபோதும் அவளுக்காக மற்றவர்களோ நிலைமையோதான் தீர்மானித்தது. யாருக்காக விட்டுக்கொடுத்தாள் என்று தேடிக்கொண்டிருந்தால், அவள் தனக்காக எடுத்த இந்த ஒரு முடிவையும் சண்முகத்தின் கணக்கில் வரவு வைத்துவிடுவோம்.

'அழகி'யை மறுபடி பார்க்கிறவர்கள் இம்முறை சண்முகத்தின் முகத்தைக் கொஞ்சம் விட்டுவிடலாம். அந்த வீட்டுக்குள் அவள் எங்கே நிற்கிறாள், எங்கே உட்காருகிறாள், யார் இல்லாதபோது பேசுகிறாள் என்று பார்த்துவாருங்கள்.