கொட்டிலைக் கழுவுறது ஆர்?

சினையாடு நாள் வரமுன்னம் குட்டி வீசினால், "கண்ணூறு பட்டிட்டுது" எண்டு சொல்லிவிட்டுப் போகிறோம். செத்த குட்டியையும் இளங்கொடியையும் வெறுங்கையால் அள்ளிக் கொட்டிலைக் கழுவுவது வீட்டுப் பெண்தான். அவளும் பிள்ளைத்தாச்சியாக இருந்தால்?

குட்டி வீசப் பல காரணங்கள் உண்டு. அதில் ஒன்று கிளமிடியா அபோர்டஸ் என்ற பக்டீரியா. இளங்கொடியிலும் ஈற்றுநீரிலும் ஏராளமாக இருக்கும். கர்ப்பிணிக்குத் தொற்றினால் காய்ச்சல் வரும், கரு கலையலாம், தாயின் உயிருக்கும் ஆபத்து வரலாம். கிளமிடியா என்றதும் பாலியல் நோய் எண்டு வாயை மூடிக்கொள்கிறோம். அது வேறு வகை. இது ஆட்டிலிருந்து வருவது.

மிருக வைத்தியர் ஆட்டைப் பார்க்கிறார், மருத்துவமாது தாயைப் பார்க்கிறார். கொட்டில் ஒருவர் கண்ணிலும் படுவதில்லை. "வீட்டில ஆடு நிக்குதா?" எண்டு கர்ப்பிணிகள் கிளினிக்கில் ஒரு கேள்வி கேட்டால் போதும் என்கிறோம்.

அதுவரை சாம்பல்தீவில் நாங்களே தொடங்குவோம். ஆடு குட்டி வீசினால் மிருக வைத்தியருக்குச் சொல்லுவோம். கையுறை போட்டு அள்ளுவதும் ஆழப் புதைப்பதும் ஆம்பிளையளின்ர வேலையாகட்டும். கர்ப்பிணி கொட்டில் பக்கம் போகவே வேண்டாம். அவளுக்குக் காய்ச்சல் வந்தால், டொக்டரிடம் ஆட்டின் கதையையும் சொல்லவேணும்.