மூன்று பெண்களும் ஒரு ஆஸ்பத்திரியும்

கண்ணமங்கலம் பக்கம் யாருக்காவது பெரிய வியாதின்னா, அடுத்த வார்த்தை "சிஎம்சிக்குக் கூட்டிட்டுப் போ" என்பதுதான். ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி வர்ற ஜனங்களுக்கும் வேலூர்தான் கதி. அந்த ஆஸ்பத்திரி மேல எனக்கு நிறைய மரியாதை உண்டு. ஆனா அது பிறந்த கதையை வெச்சு சிலர் அடிக்கிற ஜல்லியைத்தான் தாங்க முடியலை.

கதை நிறையப் பேருக்குத் தெரிஞ்சதுதான். 1890களில், திண்டிவனம். மிஷனரி டாக்டர் ஜான் ஸ்கடரின் மகள் ஐடா, அம்மாவுக்கு உடம்பு முடியலைன்னு அமெரிக்காவிலிருந்து வந்திருக்கிறார். இங்கேயே தங்குகிற எண்ணம் துளியும் இல்லை. ஒரே ராத்திரியில் மூன்று பேர் அடுத்தடுத்து கதவைத் தட்டுகிறார்கள். மூன்று வீட்டிலும் பிரசவச் சிக்கல். "எங்கப்பாதான் டாக்டர், அவரைக் கூட்டிட்டுப் போங்க" என்கிறார் ஐடா. ஆம்பளை டாக்டர் எங்க வீட்டுப் பொம்பளையைப் பார்க்கக் கூடாதுன்னு மூன்று பேருமே மறுத்துவிடுகிறார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் உயிரோடு இல்லை. அதன்பிறகுதான் ஐடா மருத்துவம் படித்தார். 1900ல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு ஆரம்பித்தார். 1918ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி வந்தது.

இதுக்கு சிலர் சொல்கிற பொழிப்புரை: "பார்த்தீங்களா, அந்த மூணு சாவும் கடவுள் திட்டம். அது நடக்கலைன்னா சிஎம்சி ஏது?"

அய்யா, கொஞ்சம் நில்லுங்க. நல்ல கடவுள், எல்லாம் வல்ல கடவுள், ஒரு பொண்ணை டாக்டருக்குப் படிக்க வைக்க மூணு பொண்ணுங்களைக் காவு வாங்கணுமா? அந்தக் கணக்கில் அவங்க யாரு? மனுஷியா, விறகா? ஐடா அதைத் தனக்கு வந்த அழைப்பா எடுத்துக்கிட்டார். அது அவர் நம்பிக்கை, தலை வணங்குறேன். ஆனா "அதுக்காகத்தான் அவங்க செத்தாங்க" என்பது வேறு பேச்சு.

அடுத்த வாதம்: துன்பம் ஆத்துமாவைப் பக்குவப்படுத்தும். யார் ஆத்துமாவை? பக்குவப்பட்டது ஐடா, செத்தது வேற ஆளுங்க.

சரி, மனுஷனுக்குக் கொடுத்த சுதந்திரம்தான் காரணம், கடவுள் மேல பழி போடாதே என்பார்கள். பாதி உண்மை. அவங்களைக் கொன்னது வானத்துத் திட்டமில்லை, நம்ம ஊர் வழக்கம்தான். ஆனா வேண்டாம்னு சொன்ன சுதந்திரம் புருஷன்களோடது, போன உயிர் பொண்டாட்டிகளோடது. இந்த இடத்தில் அந்த வாதம் நொண்டுகிறது.

கடைசி அஸ்திரம், வலியே ஒரு வரம். இதிலே விஷயம் இருக்கு, மறுக்கலை. 1946ல் வேலூர் வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் நோயால் தானாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் சூடும் காயமும் பட்டுப் பட்டுத்தான் அழிகின்றன என்று கண்டுபிடித்தார். வலி ஒரு காவல்காரன் என்று புத்தகமே எழுதினார். ஒத்துக்கறேன். ஆனா அந்த மூணு வீட்டிலும் காவல்காரன் ராத்திரி பூரா கத்தினானே, யார் வந்தா? வலி ஏன் இருக்குங்கிறதுக்குத்தான் பிராண்ட் பதில். காப்பாத்த ஆள் வராம சாகிறது ஏன்ங்கிறதுக்கு இல்லை.

கடவுள் இருக்காரா இல்லையாங்கிற பஞ்சாயத்து இந்தப் பதிவில் கிடையாது. நான் கேட்பது பைபிளை நம்புகிறவர்களிடம். யோபு கதையைக் கடைசி அதிகாரம் வரை படிங்க. நீ என்னமோ பாவம் பண்ணியிருக்கே, அதான் அனுபவிக்கிறேன்னு விளக்கம் கொடுத்த நண்பர்கள் மேலதான் அங்கே கடவுளுக்குக் கோபம் வருது. நியாயம் கேட்டுச் சண்டை போட்ட யோபு சரியாப் பேசினான்னு தீர்ப்பு. சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தப்போ, அவங்க மத்தவங்களைவிடப் பெரிய பாவிங்களான்னு கேட்டு, இல்லைன்னு சொன்னவர் இயேசு.

என் கட்சி இவ்வளவுதான். தீமைக்கு விளக்கம் சொல்றது அதோட ராசியாப் போறது. ஐடா விளக்கம் சொல்லலை, எதிர்த்து நின்னு வேலை செஞ்சார். கிறிஸ்தவத்தில் இந்தக் கேள்விக்கு உருப்படியா ஒரு பதில் இருக்குன்னா, அது அந்த ஒத்தைக் கட்டில்தான்.

அதனால மக்களே, ஆஸ்பத்திரியில் யாரையாவது பார்க்கப் போனால் "எல்லாம் தேவ சித்தம்" என்று ஆரம்பிக்காதீங்க. யோபுவின் நண்பர்கள்கூட முதல் ஏழு நாள் அவனோட தரையில் உட்கார்ந்து சும்மாதான் இருந்தாங்க. வாயைத் திறந்ததும்தான் கெட்டுது.