தைராய்டுத் தாளில் தடித்த எழுத்து

மணமாகி ஈராண்டுகளான சகோதரி ஒருவர் தமது இரத்தப் பரிசோதனைத் தாளின் நகலை அனுப்பியுள்ளார். டி.எஸ்.எச். 2.8. ஃப்ரீ டி4 இயல்பு. ஆன்டி டி.பி.ஓ. மட்டும் 600, அது தடித்த எழுத்தில் அச்சாகியிருக்கிறது. அதனை மாதந்தோறும் அளந்து, 540 ஆனால் மகிழ்வதும் 680 ஆனால் அழுவதுமாக நாட்கள் கழிகின்றன. ‘குழந்தை தங்குமா?’ என்று மாமியும் கேட்கத் தொடங்கிவிட்டாராம்.

சகோதரி, டி.எஸ்.எச். தைராய்டில் சுரப்பதன்று. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி தைராய்டுக்கு அனுப்பும் கட்டளை அது. தைராய்டு சோர்ந்தால் கட்டளை பலக்கும். ஆகவே அந்த எண் உயர்ந்தால் சுரப்பு குறைந்தது என்று பொருள். பலர் இதைத் தலைகீழாகவே புரிந்துகொள்கின்றனர். டி4 சிறிது குறைந்தாலும் டி.எஸ்.எச். பன்மடங்கு ஏறுமாதலால், குறையை முதலில் காட்டிக்கொடுப்பதும் இதுவே. ஏறத்தாழ 0.4 முதல் 4 வரை இயல்பு எனக் கொள்வர்.

ஆன்டி டி.பி.ஓ. என்பது, கிருமிகளை எதிர்க்க வேண்டிய உடற்காப்பு அணி சொந்தத் தைராய்டையே அந்நியமெனக் கருதித் தாக்குவதன் அடையாளம். இந்நோயை 1912-இல் விவரித்தவர் ஜப்பானிய மருத்துவர் ஹஷிமோட்டோ. ஆனால் தாக்குதல் நடப்பது வேறு, சுரப்பி வீழ்வது வேறு. இங்கிலாந்தின் விக்கம் பகுதியில் இருபதாண்டுகள் கவனித்து 1995-இல் வெளியான ஆய்வில், எதிர்ப்பொருள் மட்டும் இருந்த பெண்களில் ஆண்டுக்கு நூற்றுக்கு ஏறத்தாழ இருவருக்கே சுரப்புக் குறைந்தது. டி.எஸ்.எச்.சும் உயர்ந்திருந்தோரில் நால்வருக்கு.

எனவே எதிர்ப்பொருள் உண்டென ஒருமுறை அறிந்தால் போதும்; மாதந்தோறும் அளப்பது வீண் செலவு. டி.எஸ்.எச்.சை ஆண்டுக்கொருமுறை பாருங்கள்.

மாமியின் கேள்விக்கு வருவோம். இவ்வெதிர்ப்பொருள் உள்ளோரிடம் கருச்சிதைவு சற்று மிகுதி என்பது உண்மையே. ஆயினும் பெரும்பாலோர் நலமாகப் பிள்ளை பெறுகின்றனர். சுரப்பு இயல்பாயுள்ளோருக்கு முன்கூட்டியே தைராய்டு மாத்திரை கொடுத்துப் பார்த்த 2019-ஆம் ஆண்டின் பிரிட்டன் ஆய்வில் பலன் தென்படவில்லை. ஆகவே அண்டை வீட்டாரின் மாத்திரையை வாங்கி விழுங்க வேண்டாம். கருவுற்றது தெரிந்தவுடன் மருத்துவரிடம் இத்தாளைக் காட்டுங்கள். கர்ப்பத்தின் முற்பாதியில் நான்கு வாரத்திற்கொருமுறை டி.எஸ்.எச். பார்க்கச் சொல்வார். தொடக்க மாதங்களில் சிசுவின் மூளை வளர்ச்சி தாயின் சுரப்பையே நம்பியுள்ளது.

முடி உதிர்வுக்குப் பயோட்டின் உண்பதாகவும் எழுதியுள்ளீர்கள். அது சில கருவிகளில் டி.எஸ்.எச்.சைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். அடுத்த பரிசோதனைக்கு இரு நாட்கள் முன்னரேனும் நிறுத்திவிட்டு, ஒருமுறை மீண்டும் பார்த்து எழுதுங்கள்.