காருக்கு ஒரு சட்டம், என்ஜினுக்கு?

மும்பையின் கடைசி பத்மினி டாக்ஸி 2003 அக்டோபர் 29ந் தேதி தார்தேவ் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவானது. டாக்ஸிக்கு 20 ஆண்டுதான் ஆயுள் என்பது விதி. எனவே 2023 அக்டோபர் இறுதியில் அது தெருவை விட்டு ஒதுங்கியது. பத்திரிகைகள் பத்தி பத்தியாக எழுதின. ஒரு வண்டியையாவது காட்சிக்கு வைக்க வேண்டும் என்று டாக்ஸிக்காரர்களின் சங்கம் முன்பே அரசிடம் கேட்டிருந்தது. குர்லா தொழிற்சாலையில் பிறந்து, இந்நகரத்து மக்களை இரவு பகலாகச் சுமந்த வண்டிக்கு இந்த மரியாதை நியாயமானதே.

ஆனால், இந்நகரத் தமிழர்களைச் சுமந்த இன்னொரு யந்திரம் உண்டு. அதற்கு இதில் பாதி மரியாதைகூடக் கிடைக்கவில்லை. அதுதான் டபிள்யூ.டி.எம்.2 என்னும் டீசல் என்ஜின்.

1980களில் தாதரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. புணே வரை மின்சார என்ஜின் இழுத்து வரும். அங்கே அது கழன்று போக, டீசல் வந்து முட்டிச் சேரும். அந்தக் குலுக்கலில் ஜெனரல் பெட்டியில் தூங்குபவன் விழித்துக் கொள்வான். பிறகு டவுண்ட், சோலாப்பூர், வாடி, குண்டக்கல் என்று ராத்திரியெல்லாம் அதன் உறுமலே துணை. பொங்கலுக்குப் போனவனையும், தந்தி கண்டு அலறியடித்துக் கொண்டு ஓடியவனையும் அதுதான் கொண்டு சேர்த்தது. முன் ஜன்னலருகே உட்கார்ந்தவன் சட்டையில் அதன் கரி ஊர் வரை வரும். டிரைவர் வேகம் கூட்டும்போதெல்லாம் கரும்புகை கக்குவது அந்த ஜாதி என்ஜினின் பிறவிக் குணம்.

பழைய காரையும் பழைய என்ஜினையும் ஒரே தட்டில் வைக்கலாமா என்று சிலர் கேட்கக்கூடும். அளவைப் பார்த்தால் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்தான். பத்மினியின் என்ஜின் 1,089 சி.சி. டபிள்யூ.டி.எம்.2க்கு 16 சிலிண்டர்கள். ஒரே ஒரு சிலிண்டருக்குள் பத்துப் பத்மினி என்ஜின்களின் கொள்ளளவு அடங்கிவிடும். எடை 112 டன்னுக்கு மேல். சக்தி 2,600 குதிரை. காரில் இருப்பது போல இதில் கியர் பெட்டி கிடையாது. டீசல் எரிந்து ஜெனரேட்டரைச் சுழற்றும். அந்த மின்சாரம் ஆறு மோட்டார்களுக்குப் போய்ச் சக்கரங்களைச் சுற்றும். ஆக, டீசல் என்ஜின் என்பது தன் மின்நிலையத்தைத் தானே சுமந்து ஓடும் ஒரு மின்சார வண்டி எனலாம்.

இரண்டின் பூர்வீகமும் ஏறக்குறைய ஒன்று. பத்மினி இத்தாலிய பியட்டின் வழி வந்தது. அம்பாசிடர் ஆங்கிலேய மாரிஸ் ஆக்ஸ்போர்டின் வாரிசு. டபிள்யூ.டி.எம்.2 அமெரிக்க ஆல்கோ கம்பெனியின் பிள்ளை. 1962ல் கப்பலில் வந்தது, 1964 முதல் வாரணாசியில் தயாரானது. தாய்க் கம்பெனியே 1969ல் மூடப்பட்ட பிறகும் இங்கே 1990களின் பிற்பகுதி வரை அது உற்பத்தியானது.

இனி வேற்றுமை. 2021 ஜூலையில் மத்திய அரசு பழைய வாகனங்களுக்கென்று தனி விதி கொண்டு வந்தது. 50 ஆண்டு கடந்த, உருமாற்றப்படாத வண்டிகளுக்கு 'வி.ஏ.' என்ற எழுத்துக்களோடு தனி நம்பர் தகடு. 20,000 ரூபாய் கட்டிப் பதிவு செய்து, கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் ஓட்டலாம். டில்லியில் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகை 1964லேயே பழைய கார்களின் பவனியைத் தொடங்கிவிட்டது. ஷெட்டு கட்டவும் மெக்கானிக் வைக்கவும் வசதி உள்ள தனவான் இருக்கும் வரை காருக்குக் கவலையில்லை.

என்ஜினை யார் வீட்டுக்குக் கொண்டு போவது? அது சர்க்கார் சொத்து. ஆயுள் 36 ஆண்டு என்று கணக்கு. அது தீர்ந்ததும் ஏலம். பிறகு காஸ் கட்டர். மியூசியத்திலும் சில ஷெட் வாசல்களிலும் ஒன்றிரண்டு பெயிண்ட் அடித்து நிறுத்தப்பட்டிருக்கின்றன. பேச்சு மூச்சில்லாமல் நிற்பது பாதுகாப்பல்ல, படம் மாட்டி வைப்பது. பிரிட்டனில் 'டெல்டிக்' என்ற டீசல் என்ஜின்கள் 22 இருந்தன. 1982ல் அவை விடைபெற்றபோது ரசிகர்கள் சந்தா சேர்த்துச் சிலவற்றை விலைக்கு வாங்கினார்கள். 6 பிழைத்தன, தண்டவாளத்தில் ஓடியும் காட்டின.

மின்சாரமயத்தைக் குறை கூறுவது இங்கு நோக்கமல்ல. மின்சாரம் சிக்கனம், புகையில்லை. பெட்டிக்குள் கரி பறந்த காலத்துக்குத் திரும்ப யாரும் ஆசைப்படப் போவதில்லை. நஷ்டக் கணக்கு பார்க்கும் அதிகாரிகளின் சங்கடமும் புரிகிறது. ஆனால் நீராவி என்ஜினுக்கு மட்டும் கிடைக்கும் பரிவைப் பாருங்கள். 1855ல் பிறந்த 'பேரி குவீன்' 1997ல் மறுபடி ஓடியது. நீலகிரி மலை ரயிலுக்காகப் பொன்மலைப் பட்டறை 2011 முதல் புதிதாகவே நீராவி என்ஜின்கள் செய்து கொடுத்தது. அதே பொன்மலையில்தான் ஆல்கோ டீசல்களையும் பிரித்துப் பூட்டினார்கள். கை இருக்கிறது, கருவியும் இருக்கிறது.

காலம்தான் குறைவு. காருக்கு உதிரி பாகம் சோர் பஜாரில் கிடைக்கும், கையேடும் கிடைக்கும். டீசல் ஷெட்டின் வித்தை கையேட்டில் பாதிதான் உண்டு. எந்தச் சத்தம் டர்போவின் சத்தம், எந்தச் சத்தம் பேரிங்கின் சத்தம் என்பதைக் காதால் சொல்லும் பிட்டர்கள் ரிட்டையராகி, பேரன்களைப் பள்ளிக்கு அழைத்துப் போய்க் கொண்டிருக்கிறார்கள். எட்டு நாட்ச்சையும் எப்போது ஏற்றுவது என்று அறிந்த டிரைவர்களும் அப்படியே. காரைக் காப்பாற்ற ஒரு சொந்தக்காரர் போதும். என்ஜினுக்கு ஒரு கோஷ்டியே வேண்டும். அந்தக் கோஷ்டி வருஷத்துக்கு வருஷம் சுருங்குகிறது.

எனவே ரயில்வே நிர்வாகம் செய்ய வேண்டியது பெரிய காரியமல்ல. இரண்டு மூன்று டபிள்யூ.டி.எம்.2 என்ஜின்களை ஓடும் நிலையில் வைக்கலாம். ஒன்றைப் பொன்மலைக்கும், ஒன்றைப் புணேக்கும் கொடுக்கலாம். பழைய கைகளை மாதம் சில நாள் கூலிக்கு அழைத்து, இளைஞர்களைப் பக்கத்தில் நிறுத்தலாம். ஆண்டுக்கு ஒரு முறையாவது ஓட்டலாம். அதுவும் ஆயிரக்கணக்கில் டிக்கெட் வசூலிக்கும் உல்லாச ரயிலாக வேண்டாம். ரிசர்வேஷன் இல்லாத பெட்டிகளைக் கோத்து, புணேயிலிருந்து சோலாப்பூர் வரை சாதாரணக் கட்டணத்தில் ஓட்டட்டும். முன் ஜன்னல் சீட்டுக்கு நிச்சயம் அடிதடி நடக்கும்.