கூரைக்கடியில் அடிக்கும் வெயில்

வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் அறிவித்தது. வெயிலுக்குப் பலியானவனின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் கிடைக்க அந்த அறிவிப்பு வழி செய்தது. நல்ல காரியம், வரவேற்கிறோம். வெயிலில் சுருண்டு விழுந்து செத்தவனை "அவன் விதி அவ்வளவுதான்" என்று சொல்லிப் புதைத்துவிட்டுப் போன நாட்டில், அது விதியல்ல, விபத்து என்று ஓர் அரசாங்கம் எழுத்தில் ஒப்புக்கொண்டது சின்ன விஷயமல்ல. ஆனால் எந்த வெயில்? எங்கே அளந்த வெயில்? இந்தக் கேள்வியைத் தோழர்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

வானிலை இலாகா வெப்பத்தை அளப்பது எப்படி என்று நம்மில் பலர் பார்த்ததில்லை. திறந்த வெளியில், தரையிலிருந்து சுமார் 4 அடி உயரத்தில், காற்றுப் புகுந்து வெளியேற நாற்புறமும் சரிவுச் சட்டங்கள் வைத்த ஒரு வெள்ளைப் பெட்டி நிற்கும். வெப்பமானி அதற்குள் இருக்கும். நேர்வெயில் அதன் மீது படாது. காற்று தடையின்றி வரும். அந்தப் பெட்டிக்குள் 37 டிகிரியைத் தொட்டு, அந்தக் காலத்து வழக்கமான அளவை விட 4.5 டிகிரியும் கூடினால்தான் கடலோரத்தில் வெப்ப அலை என்று பெயர். சமவெளி என்றால் 40 டிகிரி தாண்ட வேண்டும். அந்தப் பெட்டிக்குக் கிடைக்கிற நிழலும் காற்றும் நம் தொழிலாளிக்குக் கிடைக்குமானால் இந்தக் கட்டுரையை எழுதும் வேலையே நமக்கு இருந்திராது!

செங்கற்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் 30 கிலோமீட்டர்தான். ஆனால் இரண்டு வெயிலும் ஒரே வெயில் அல்ல. செங்கற்பட்டில் சுடும், மாமல்லபுரத்தில் புழுங்கும். அங்கே கடற்காற்று வந்து வெப்பமானியை இரண்டு மூன்று டிகிரி இறக்கிவிடும். பத்திரிகையில் குறைந்த எண் வரும். படிக்கிறவர் "கடற்கரைக்காரன் கொடுத்து வைத்தவன்" என்பார். உடம்புக்கல்லவா தெரியும் உண்மை! ஒரு லிட்டர் வியர்வை தோலின் மீது காய்ந்தால் உடம்பிலிருந்து ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். மனிதனுக்கு இயற்கை கொடுத்த குளிர்சாதனம் அது ஒன்றுதான். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை காயாது, சொட்டும். சொட்டுகிற வியர்வை உடம்பைக் குளிர்விப்பதில்லை. ஈரத்துணி சுற்றிய வெப்பமானி 35 டிகிரி காட்டும் இடத்தில் சும்மா உட்கார்ந்திருப்பவனும் சில மணி நேரத்துக்கு மேல் தாங்கமாட்டான் என்பது விஞ்ஞானிகள் முன்பு போட்ட கணக்கு. 2022-ல் அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் நடத்திய சோதனை, வயதில் இளைய திடகாத்திரமான ஆட்களுக்கே ஈரமான காற்றில் 31 டிகிரியை ஒட்டி உடல் தன் சூட்டைத் தானே சமாளிக்கும் சக்தியை இழக்கத் தொடங்குகிறது என்று காட்டிற்று. கல் தூக்குகிறவன் நிலை என்ன, அறுபது வயதுக் கிழவியின் நிலை என்ன என்று தோழர்கள் எண்ணிப் பார்க்கட்டும்.

இனி வீட்டுக்குள் நுழைவோம்.

2004-ம் ஆண்டு தமிழ்நாட்டின் கூரைகளை மாற்றிய ஆண்டு. ஜூலை 16-ல் கும்பகோணத்துப் பள்ளிக்கூடத்தின் கீற்றுக் கூரை பற்றி எரிந்து 94 குழந்தைகள் கருகினார்கள். டிசம்பர் 26-ல் கடல் பொங்கிக் குப்பங்களை வாரிக்கொண்டு போயிற்று. அதன் பிறகு 2005 மார்ச்சில் வந்த அரசு ஆணையின்படி 300 முதல் 325 சதுர அடியில், ஒன்றரை லட்சம் ரூபாய் மதிப்பில், கான்கிரீட் தளம் போட்ட வீடுகள் கடலோரம் நெடுக எழுந்தன. பனையோலையும் சவுக்குக் கம்பும் போய், கம்பியும் சிமெண்டும் வந்தன. 2010-ல் குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக்கும் திட்டம், 2011-ல் பசுமை வீடுகள், 2024 பிப்ரவரி நிதிநிலை அறிக்கையில் 2030-க்குள் 8 லட்சம் வீடுகள், வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் என்ற அறிவிப்பு. ஆட்சிகள் மாறின; கான்கிரீட் தளம் மட்டும் மாறவில்லை.

"குடிசையே நன்றாக இருந்தது, குளுகுளுவென்று" என்று சில பெரியமனிதர்கள் இப்போது பேசுகிறார்கள். குளிர்சாதன அறையில் உட்கார்ந்துகொண்டு குடிசையின் பெருமையைப் பாடுகிறவர்களை நாம் நம்புவதில்லை. 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டித்தான் கரையேறியது. அன்று இரவு கீற்றுக் கூரைக்குக் கீழே இருந்தவனைக் கேளுங்கள், எது நல்ல வீடென்று சொல்லுவான். கெட்டி வீடு உழைப்பவனின் உரிமை. தளத்தைக் கட்டிக் கொடுத்தவர்கள், அந்தத் தளம் சித்திரை வைகாசியில் என்ன செய்யும் என்று ஏன் எண்ணிப் பார்க்கவில்லை என்பதே நமது கேள்வி.

அது செய்கிற வேலை இது. நாலைந்து அங்குல கான்கிரீட் பகலெல்லாம் வெயிலைக் குடிக்கும். குடித்தது உடனே கீழே இறங்காது; சில மணி நேரம் பிடிக்கும். வெளியே சூரியன் மறைந்து கடற்காற்று வீசும் வேளையில்தான் உள்ளே தளம் அனலைக் கக்கத் தொடங்கும். இரவு 10 மணிக்கு மேற்கூரையைத் தொட்டுப் பாருங்கள்! வெளியே நிற்கிறவனுக்கு வெயில் ஆறு மணியோடு முடிந்தது. வீட்டுக்குள் படுத்தவனுக்கு நள்ளிரவு வரை அடிக்கிறது. கொசுவுக்குப் பயந்து சன்னலைச் சாத்துகிறான், கொசுவர்த்தியைக் கொளுத்துகிறான், அந்தப் புகையை விடியும்வரை பிள்ளைகளோடு சேர்ந்து சுவாசிக்கிறான். ஆண்பிள்ளை மொட்டைமாடிக்கு ஏறிவிடலாம். வீட்டுப் பெண்கள் எங்கே போவார்கள்? தூக்கமில்லாத அந்த உடம்புதான் மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு மறைமலைநகர் பஸ்ஸுக்கு ஓட வேண்டும்.

"மின்விசிறி இல்லையா?" என்பார்கள். இருக்கிறது. கணக்குப் பார்ப்போம். 75 வாட் விசிறி நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால் 60 நாளில் 54 யூனிட். 2016-ல் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைத்தது 100 யூனிட். பாதிக்கு மேல் ஒரே விசிறி தின்றுவிட்டது. அதுவும் தளத்துச் சூட்டையே இழுத்துத் தலைமேல் கொட்டுவதற்கு! குளிர்சாதனப் பெட்டி வைத்தால் இரவு எட்டு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 8 யூனிட், இரண்டு மாதத்தில் 480 யூனிட். வெளிச்சுவரில் அது துப்புகிற அனல் பக்கத்து வீட்டுச் சன்னலுக்குப் போகும். ஆக, ஒருவன் குளிர்ச்சிக்கு இன்னொருவன் வேக வேண்டும்.

செய்ய முடியாததா பரிகாரம்? பழைய கொத்தனாரைக் கேட்டால் சொல்லுவார்: தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து தட்டிச் சுருக்கி போட்டு, அதன்மேல் தட்டோடு பதிக்க வேண்டும். ஒப்பந்தக்காரர் முதலில் வெட்டுகிற செலவு அதுதான். அதற்கும் வழியில்லை என்றால் வெள்ளை அடிக்கலாம். பழுப்பேறிய சிமெண்ட் தளம் வெயிலின் பெரும்பகுதியை விழுங்குகிறது; புதிதாக வெள்ளை அடித்த தளம் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்புகிறது. தெலங்கானா 2023-ல் குளிர்கூரைக்கென்று ஒரு கொள்கையே வகுத்தது. நமது மாநிலத்திலும் அரசுப் பள்ளிகளின் கூரைகளுக்கு வெள்ளைப் பூச்சுத் தொடங்கியது. நம் கடலோரத்தில் ஒரு சிக்கல் உண்டு, அதையும் மறைக்க வேண்டியதில்லை: ஐப்பசி கார்த்திகை மழை சுண்ணாம்பைக் கழுவிவிடும், உப்புக்காற்று எதையும் அரிக்கும். ஆண்டுதோறும் பங்குனியில் மறுபடி அடிக்க வேண்டும். அந்தச் செலவை ஊராட்சி ஏற்க வேண்டும் என்கிறோம். எதிரும் புதிருமாக இரண்டு சன்னலும் அவற்றுக்குக் கொசுவலையும் இல்லாத வீட்டு வரைபடத்தில் எந்த அதிகாரியும் கையெழுத்துப் போடக்கூடாது என்கிறோம்.

நிற்க. வேலை செய்யும் இடத்துக்கு வருவோம்.

மாமல்லபுரத்து மகிஷாசுரமர்த்தினி மண்டபத்துக்குள் மே மாதத்தில் நுழைகிற யாத்ரிகன் "அப்பாடா!" என்கிறான். மலைப்பாறையின் கனம் அப்படி. அந்தக் குடைவரைகளைச் செதுக்கிய கைகளின் வாரிசுகள் இன்று கீழே சாலையோரத்தில் சிமெண்ட் அட்டைக்கும் தகரத்துக்கும் தார்ப்பாய்க்கும் அடியில் உட்கார்ந்திருக்கிறார்கள். 2017-ல் மாமல்லபுரத்துக் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சிற்பியின் நுரையீரலுக்கு என்ன கிடைத்தது? உளியின் காலம் போய் வெட்டும் மிஷின் வந்தபின் கருங்கல் மாவாகப் பறக்கிறது. கண்ணுக்குத் தெரியும் தூசி மூக்கோடு நின்றுவிடும். கண்ணுக்குத் தெரியாத சிலிக்கா தூசி நுரையீரலின் அடிவரை போய்த் தழும்பாகும். அந்தத் தழும்பை ஆற்ற மருந்து கிடையாது. முகமூடி போடச் சொல்கிறார்கள். புழுக்கத்தில் மூச்சுத் திணறுகிறவன் முகமூடியை எத்தனை நிமிஷம் போட்டிருப்பான்? கூரைச் சூட்டைக் குறைக்காமல் முகமூடியைக் கொடுப்பது கணக்குக் காட்டத்தான் உதவும். வெட்டும் இடத்தில் தண்ணீர் சொட்டவிட்டால் தூசி எழாது. ஒரு குழாய், ஒரு தொட்டி, தண்ணீரோடு வேலை செய்யத் தகுந்த, மின்கசிவுக்குப் பாதுகாப்பான மிஷின். கடன் உதவி கொடுத்தால் பட்டறைக்காரரே வாங்கிவிடுவார்.

2022-ல் இதே ஊர்ப் பூஞ்சேரியில் உலகச் சதுரங்க ஒலிம்பியாடு நடந்தது. வந்த விருந்தாளிகளைக் குளிர்ந்த அரங்கில் உட்காரவைத்தோம். பெருமைதான், குறைசொல்லவில்லை. கட்டடத்துக்குள் காற்றை நாம் வேண்டியபடி வைத்துக்கொள்ளத் தெரியும் என்பதற்கு அது சாட்சி. சிறுசேரியில் கணிப்பொறிகளுக்கு இரவும் பகலும் குளிர்காற்று. வாசலில் நிற்கும் காவலாளிக்குத் தகரக் கூண்டு!

சட்டம் இல்லையா? இருந்தது. 1948-ம் வருஷத் தொழிற்சாலைச் சட்டத்தின் 13-வது பிரிவு, வேலையிடத்தில் போதிய காற்றோட்டமும் உடம்பு நோகாத வெப்பமும் இருக்க வேண்டும் என்றது. வெள்ளையடிப்பது, நீர் தெளிப்பது, கூரையை உயர்த்துவது, இடையில் காற்று விட்டு இரட்டைக் கூரை போடுவது என்று வழிகளையும் எழுதும்போதே வரிசையாகச் சொல்லிற்று. மாதிரி விதிகள் இன்னும் ஒருபடி போய், வேலையறையில் ஈரத்துணி வெப்பமானி 30 டிகிரியைத் தாண்டக்கூடாது, காற்று நிமிஷத்துக்கு 30 மீட்டராவது ஓட வேண்டும் என்றன. மேலே சொன்ன பென்சில்வேனியாக் கணக்கையும் இந்த 30-ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்த விதியை எழுதினவர்கள் விவரம் தெரிந்தவர்கள்.

2025 நவம்பர் 21-ல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்தன. மின்விசையோடு 10 பேர் இருந்தாலே தொழிற்சாலை என்பது 20 பேராயிற்று; மின்விசையில்லாத இடத்தில் 20 என்பது 40 ஆயிற்று. வெப்பம், ஈரப்பதம், காற்றோட்டம் மூன்றும் "விதிகளில் வகுக்கலாம்" என்ற வரியில் அடங்கின. சிற்பப் பட்டறை, தையற்கூடம், மீன் உலர்த்தும் கொட்டகை, லேத் பட்டறை ஆகியவற்றில் பத்துப் பேர்கூட இல்லாதவைதான் ஏராளம். அவை அந்த வரிக்குள்ளும் வரமாட்டா. மாநிலம் தனக்குள்ள அதிகாரத்தைக்கொண்டு இந்தச் சிறு கூடங்களுக்கென ஓர் அளவை எழுத வேண்டும். 30 டிகிரி என்ற பழைய எண் கைவசம் இருக்கிறது, புதிதாகத் தேட வேண்டியதில்லை.

கேட்பதற்கு முன் கையில் கணக்கு வேண்டும். "உள்ளே ரொம்பச் சூடு" என்று மனுக் கொடுத்தால் அதிகாரி சிரிப்பார். எண் கொடுத்தால் கோப்பில் ஏறும். ஒவ்வொரு கிளைத் தோழரும் தம் பகுதியில் ஒரு வீட்டிலும் ஒரு பட்டறையிலும், நெஞ்சுயரத்தில், நேர்வெயில் படாமல், இரண்டு வெப்பமானிகளை மாட்டட்டும். ஒன்று வெறுமனே, இன்னொன்றின் குமிழில் ஈரத்திரி சுற்றி, திரியின் நுனி தண்ணீர்க் குப்பியில் இருக்கட்டும். ஒரு கொத்தனாரின் ஒரு நாள் கூலிக்கு மேல் செலவாகாது. காலை 11, பிற்பகல் 3, இரவு 10 ஆகிய மூன்று வேளையும் இரண்டு எண்களையும் நோட்டில் குறிக்க வேண்டும். கூரை என்ன கூரை, சன்னல் எத்தனை, உள்ளே எத்தனை பேர் என்பதையும் எழுத வேண்டும். ஏப்ரல் முதல் ஜூன் வரை ஒரு நாள் விடாமல் எழுதிய நோட்டு தொழிற்சாலை ஆய்வாளர் மேசைக்கும் மாவட்ட ஆட்சியர் மேசைக்கும் போகட்டும், ஒரு பிரதி நமக்கும் வரட்டும். சித்திரை பிறப்பதற்குள் வெப்பமானிகளை வாங்கி மாட்டிவிட வேண்டும்.